சுருளுக்குள் ஒரு சூடு

நான்காம் அத்தியாயம்: இதில் ஒரு பூச்செடி பொய்ச்சாட்சி சொல்கிறது

"நாலு மணிக்குள்ள உன் மாமா மேல தப்பில்லன்னு நிரூபிச்சுட்டு வா. இல்லன்னா என் வீட்டுப் பக்கமே தலைவெச்சுப் படுக்காதே."

அக்கா இதைச் சொல்லிப் போனை வைத்தபோது மணி இரண்டே கால். அவள் தம்பி ரேடியோ, தன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறந்தபோது வைத்த பெயர் வேறு. வாய் மூடாத ஒரே காரணத்தால் ஐந்தாம் வகுப்பில் ரேடியோ ஆனவனை, முப்பத்து நான்கு வயதாகியும் யாராலும் அணைக்க முடியவில்லை.

"என்னவாம்?" என்றபடி சர்வே மேடம் ஸ்கூட்டரை நிறுத்தினார்.

"ராத்திரி சாப்பாட்டுக்கு நிபந்தனை விதிச்சிருக்காங்க மேடம்."

சர்வே மேடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் சர்வேயராகக் குப்பை கொட்டியவர். எரிந்த கடை, எரிந்த கிடங்கு, எரிந்ததாகச் சொல்லப்பட்ட கிடங்கு என்று பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், வேலையை உதறிவிட்டு, ரேடியோவை உதவிக்குச் சேர்த்துக்கொண்டு துப்பறியக் கிளம்பிவிட்டார். தையல்காரர் மாதிரி கழுத்தில் எப்போதும் ஓர் அளவு டேப் தொங்கும். அதை ஏன் கழற்றுவதில்லை என்று கேட்டவர்களுக்கு இதுவரை பதில் கிடைத்ததில்லை.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு இருபதுக்கு, இப்போது அவர்கள் வந்து நிற்கும் இந்த வீட்டின் போர்ட்டிகோவில், சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த மின்சாரக் கார் அருகே தீப்பிடித்தது. காரின் முன்பக்கம் போயிற்று. பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த ஆறு வயதுப் பெண்குழந்தை புகையைக் குடித்துவிட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஆறு வாரம் முன்பு அங்கே கார் சார்ஜரைக் குத்தச் சுவரில் பவர் பாயிண்ட் போட்டுக்கொடுத்தவர் ரேடியோவின் மாமா, அக்காவின் கணவர், எலக்ட்ரீஷியன். 'அவன் வயரிங் சரியில்லை' என்று வீட்டுக்காரர் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். இன்று நாலு மணிக்கு மின் ஆய்வாளர் வந்து கையெழுத்துப் போட்டால் மாமாவின் லைசென்ஸ் ரத்து. பத்தொன்பது வருஷத் தொழில் அத்துடன் முடிந்தது.

மாமா ரேடியோவிடம் ஒரு நாளும் சிரித்துப் பேசியதில்லை. ஆனால் வேலையில்லாமல் திரிந்த மூன்று வருஷமும் அவன் தட்டில் சோறு விழுந்தது அவர் உழைப்பில்தான். அதனால் ரேடியோவுக்கு உள்ளுக்குள் உதறல். வெளியே காட்டினால் ரேடியோ என்ற பேருக்கு இழுக்கு.

வீட்டுக்காரர் கேட் அருகே வந்து வரவேற்றார். தொழிற்சாலைகளுக்குப் போய்ப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவர். ஊரே அவரைச் சேஃப்டி சார் என்றுதான் கூப்பிடும். வீட்டுக்குள்ளேயும் பளிச்சென்ற மஞ்சள் மேல்சட்டை போட்டிருந்தார். கேட்டில் ஒரு பலகை: 'மெதுவாகத் திறக்கவும்.' படியில் ஒரு பலகை: 'படி உள்ளது.' சுவரில் இன்னொன்று: 'காரை எப்போதும் பின்பக்கமாக ஓட்டி நிறுத்தவும். அவசரத்தில் நேராக வெளியேறலாம்.'

"தூங்கறப்ப கட்டில் மேலயும் ஏதாவது எழுதி இருக்குமோ?" என்று ரேடியோ முணுமுணுத்தான்.

"இருக்கு. விழாமல் படுக்கவும்." வாசலில் நின்ற பெண்மணி சொன்னார். வீட்டுக்காரரின் மனைவி. கண்ணெல்லாம் தூக்கமில்லாத சிவப்பு. "உள்ள வாங்க. உங்களுக்கு ஏதாவது பொரிச்சுத் தரலாம்னா, என் வாணலியைக் காணோம். ரெண்டு நாளா தேடறேன்."

"ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு இடம் இருக்கணும்னு நான் எவ்வளவு சொல்லியும்..." என்று சேஃப்டி சார் ஆரம்பித்தார். அந்தம்மா உள்ளே போய்விட்டார். உள்ளே இருந்து குழந்தையின் இருமல் கேட்டது.

"முதல்ல ஒண்ணு." சேஃப்டி சார் போனை எடுத்தார். "பேப்பர்காரர் வந்தாலும் இதை அனுப்பாம விடமாட்டேன். தம்பி, உங்க நம்பர் சொல்லுங்க. 'பாதுகாப்பு உன் கையில்'. ஞாயித்துக்கிழமைகூட ரெண்டரை மணிக்கு ஆன்லைன்ல இதைத்தான் நடத்தினேன். எண்பத்து நாலு பக்கம்."

"எண்பத்து நாலா? தொழிலாளிங்க யாராவது உயிரோட இருக்காங்களா சார்?"

"கடைசி வரைக்கும் படிச்சிருக்காங்களான்னு நான் சோதிக்கறதில்லை" என்றார் சேஃப்டி சார், கிண்டல் எட்டாத உயரத்திலிருந்து.

ரேடியோவின் போனில் அந்த எண்பத்து நாலு பக்கமும் வந்து இறங்கின. சர்வே மேடம் அதற்குள் போர்ட்டிகோவில் குந்தியிருந்தார்.

பவர் பாயிண்ட் உள்பக்கச் சுவரில் இருந்தது. மேலே புகைக்கரி படிந்திருந்தது, அவ்வளவுதான். மேடம் கைக்குட்டையால் துடைத்ததும் வெள்ளையாகச் சிரித்தது. டார்ச் அடித்துத் துளைகளுக்குள் பார்த்தார். உருகவும் இல்லை, கருகவும் இல்லை.

"சார், எங்க குத்தியிருந்தீங்க?"

"இங்கதான். காரோட வந்த சார்ஜர். நேரா சுவத்துல. நடுவுல எதுவும் கிடையாது. இந்தப் பாயிண்ட்தான் தீப்பிடிச்சது."

"தீப்பிடிச்ச பாயிண்ட் குளிச்சுட்டு வந்த மாதிரி இருக்கு. குழந்தை ரூம் ஜன்னலுக்குக் கீழ, நாலு மீட்டர் தள்ளி, தரை வெடிச்சிருக்கு." மேடம் கழுத்து டேப்பை உருவினார். "ரேடியோ, பிடி."

பாயிண்டிலிருந்து காரின் மூக்கு வரை எட்டு மீட்டர் இருபது. சார்ஜ் போடும் மூடி அந்த மூக்கில்தான் இருந்தது. கார் பின்பக்கமாக உள்ளே வந்து, முகத்தைக் கேட் பக்கம் வைத்து நின்றிருந்தது, சுவரில் எழுதியபடியே.

"இந்தக் காருக்கு வர்ற சார்ஜர் ஒயர் அஞ்சு மீட்டர்" என்றார் மேடம். "மிச்ச மூணு மீட்டரும் கரண்ட் நடந்து போச்சா?"

"அன்னைக்கு மட்டும் காரை முன்பக்கமா விட்டிருந்தேன். தீயணைப்புக்காரங்க திருப்பி வெச்சுட்டாங்க."

ரேடியோ முன் சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்தான். டயர் உருகித் தரை டைல்ஸோடு ஒட்டிக் கிடந்தது. "தரையோடவா திருப்பினாங்க சார்?"

சேஃப்டி சார் மஞ்சள் மேல்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அது... ஒயர் கொஞ்சம் நீளமானது. எரிஞ்சு போச்சு. எரிஞ்சதை எப்படி அளப்பீங்க?"

"அளக்க மாட்டோம். இந்தச் செடியைக் கேட்டுக்கறோம்."

ஜன்னலுக்குக் கீழே, வெடித்த டைல்ஸுக்கு நட்டநடுவில், அலங்காரத் தொட்டி ஒன்றில் ஒரு பூச்செடி நின்றிருந்தது. சுற்றிலும் சுவர் கறுப்பு, ஜன்னல் கறுப்பு, மேலே கூரை கறுப்பு. செடி மட்டும் பச்சைப்பசேல். ஒரு மொட்டு வேறு.

"இது இங்கேயேதான் இருந்ததா?"

"ரெண்டு வருஷமா" என்றார் சேஃப்டி சார்.

"தீ மிதிச்ச செடியை இப்பதான் பார்க்கறேன்" என்றான் ரேடியோ. "இலைக்கும் மஞ்சச் சட்டை போட்டு விட்டிருந்தீங்களா சார்?"

மேடம் செடியைத் தொடவில்லை. செடி தொட்டியின் விளிம்புக்கு மேலே ஒரு சாண் எம்பி நிற்பதை மட்டும் பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து, "உங்க டூல்ஸ் ரூமைப் பார்க்கலாமா? ரொம்ப நேர்த்தியா வெச்சிருப்பீங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்குச் சேஃப்டி சார் சொத்தையே எழுதிக் கொடுப்பார். முன்னால் நடந்தார்.

அறை நேர்த்தி என்றால் அப்படி ஒரு நேர்த்தி. சுவர் முழுக்க மரப்பலகை. ஒவ்வொரு கருவிக்கும் ஆணி, ஆணியைச் சுற்றி அந்தக் கருவியின் உருவத்தைச் சிவப்புப் பெயிண்ட்டில் வரைந்திருந்தது. சுத்தியல் படத்தின் மேல் சுத்தியல், ரம்பம் படத்தின் மேல் ரம்பம். ஒவ்வொன்றிலும் எந்திரத்தில் அடித்து ஒட்டிய சீட்டு: கே-1, கே-2 என்று வரிசை. தோட்டத்து ரப்பர் குழாய்கூட ஒரு சுற்று பிசகாமல் சுருட்டி மாட்டியிருந்தது. அதற்கும் மேலே பலகை: 'தரையில் கிடக்கும் ஒயரும் குழாயும் எமனின் கயிறு. சுருட்டி வை!'

ரேடியோ ஒவ்வோர் ஆணியாகப் பார்த்துக்கொண்டே போனான். ஆறாவது ஆணியைத் தாண்டியதும் நின்றான். பெரிய வட்டம் ஒன்று வரைந்திருந்தது. அதில் வாணலி தொங்கிக்கொண்டிருந்தது.

"சார், ரிப்பேர் பண்ணும்போது பசிச்சா பொரிச்சுக்கறதுக்கா?"

சேஃப்டி சார் வாணலியைப் பார்த்தார். வாணலி அவரைப் பார்க்கவில்லை. மேடம் அதைத் தூக்கினார். அடியில் சீட்டு: 'கே-7. ஒயர் ரீல். 15 மீட்டர்.'

எதை வேண்டுமானாலும் ஒளித்திருப்பார் அந்த மனுஷன். ஆனால் ஒரு காலி ஆணியைப் பார்த்துக்கொண்டு ரெண்டு நாள் இருக்க அவரால் முடியவில்லை. ஏதாவது வட்டமாக மாட்டியே ஆக வேண்டியிருந்தது.

வாசலில் ஜீப் நின்றது. மின் ஆய்வாளர் அரை மணி முன்பே வந்துவிட்டார், சீக்கிரம் வீட்டுக்குப் போகும் ஆசையில் பேனாவைத் திறந்துகொண்டே. பின்னாலேயே மாமா. சட்டைப் பையில் டெஸ்டர், முகத்தில் மூன்று நாள் தாடி. ரேடியோவை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

"எங்க போடணும் கையெழுத்து?" என்றார் ஆய்வாளர்.

"அதுக்கு முன்னாடி ஒரு தோட்ட வேலை" என்றார் மேடம். "ரேடியோ, அந்தச் செடியைத் தூக்கு."

ரேடியோ செடியைத் தூக்கினான். அது தன் சின்னத் தொட்டியோடு தனியாக வந்தது. பெரிய தொட்டிக்குள், அடியில், கறுப்பாக ஒரு மொத்தை. ஒயரின் சுற்றுகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டி, கரிந்த வளையல் அடுக்குபோல் கிடந்தன. தொட்டியை நகர்த்தியதும் தரையில் வெள்ளை வட்டம் தெரிந்தது. தீயின்போது அந்த ரீல் உட்கார்ந்திருந்த இடம் அதுதான்.

"நடுவுல எதுவும் கிடையாதுன்னீங்க" என்றார் மேடம். "நடுவுல இது இருந்திருக்கு. சுருட்டின ஒயர். ஆய்வாளர் சார், ஒயர்ல கரண்ட் ஓடினா சூடு வரும். விரிச்சுப் போட்டா அந்தச் சூட்டைக் காத்து வாங்கிக்கும். சுருட்டி வெச்சா ஒரு சுத்தோட சூட்டை அடுத்த சுத்துதான் வாங்கணும். போன் சார்ஜ் பண்ணா பரவால்ல. கார் விடாம மணிக்கணக்கா இழுக்கும்."

"அப்ப கரண்டைக் கட் பண்ற பிரேக்கர் ஏன் விழல?" ஆய்வாளர் விடவில்லை. "வயரிங் சரின்னா அது விழுந்திருக்கணுமே."

"கரண்ட் அளவுக்கு மேல போனாத்தானே அது விழும்? கரண்ட் சரியாத்தான் போயிருக்கு. சூடுதான் போக வழியில்லாம உள்ளயே குந்தியிருக்கு. பிரேக்கருக்குச் சூடு தெரியாது சார்."

ரேடியோவுக்கு நெஞ்சு லேசானது. மணி மூன்று நாற்பது. அக்கா வீட்டுச் சாப்பாட்டு வாசனை மூக்கில் ஏற ஆரம்பித்தது. ஆனால் சேஃப்டி சார் திடீரென்று சிரித்தார்.

"சரி. எக்ஸ்டென்ஷன் போட்டேன். ஒத்துக்கறேன். அந்த ரீல் யாரோடதுன்னு கேளுங்க." விரல் மாமாவை நோக்கி நீண்டது. "இவன் கொடுத்தது! போன வாரம் இவனே கொண்டுவந்து வெச்சான், அப்புறம்தான் நான் அதுக்கு ஆணியும் சீட்டும் போட்டேன். எலக்ட்ரீஷியன் கொடுத்த சாமான் எரிஞ்சா பொறுப்பு யாருது?"

எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா தரையைப் பார்த்தார்.

"மாமா?" ரேடியோவின் குரல் இறங்கிவிட்டது. "இல்லன்னு சொல்லுங்க."

"நான்தான் கொடுத்தேன் மாப்ள."

ரேடியோவின் வாழ்க்கையில் பேச்சு வராத நிமிஷங்கள் மொத்தம் மூன்று. இது மூன்றாவது.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் மேடம், கோபமாகவே.

"பயம் மேடம். பாயிண்ட் போட்டப்ப காரை நேரா விடுவாங்கன்னு நினைச்சேன். போன வாரம் கார் வந்ததும் இவர் பின்பக்கமாத்தான் விடுவேன்னு பிடிவாதம். ஒயர் எட்டல. கேட் பக்கம் தனியா ஒரு பாயிண்ட் போடறேன்னேன். சுவத்துல பைப் ஓடினா பார்க்க அசிங்கம்னு வேணாம்னுட்டார். அந்தம்மா வந்து கெஞ்சினாங்க. கனமான ஒயரா பார்த்து ஒரு வாரத்துக்குக் கொடுத்தேன். முழுசா பிரிச்சுப் போடணும், ஒரு சுத்துகூட ரீல்ல இருக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

"சொன்னானாம்! யார்கிட்ட? சாட்சி இருக்கா?" சேஃப்டி சாரின் குரல் ஏறியது. "என் காதுல விழவே இல்லை. அது ரீலாத்தான் வந்தது, ரீலாத்தான் இருந்தது. நான் அதைத் தொடவே இல்லை. எழுதுங்க சார்."

ஆய்வாளரின் பேனா காகிதத்தைத் தொட்டது.

மேடம் ரேடியோ பக்கம் திரும்பி, சத்தமில்லாமல் கேட்டார்: "ஞாயித்துக்கிழமை வகுப்பு எத்தனை மணிக்குன்னார்?"

"ரெண்டரை."

"தீ நாலு இருபதுக்கு. இந்த மனுஷன் தான் செய்யற நல்ல காரியத்தைப் போட்டோ எடுக்காம இருப்பாரா? எண்பத்து நாலு பக்கத்தையும் பாரு."

"மேடம், அதுக்கு மாமா லைசென்ஸையே கொடுத்துடலாம்."

"பாரு!"

ரேடியோ பார்த்தான். தலைக்கவசம் போட்ட சேஃப்டி சார். ஏணியைப் பிடித்துக்கொண்ட சேஃப்டி சார். கைப்பிடியைப் பிடித்து மாடிப்படி இறங்கும் சேஃப்டி சார். நாற்பதாவது பக்கத்தில் அவனுக்குக் கொட்டாவி வந்தது, மாமாவின் மூன்று நாள் தாடியைப் பார்த்ததும் அது பாதியில் நின்றது. ஐம்பது. ஐம்பத்தைந்து. ஆய்வாளர் முதல் எழுத்தைப் போட்டார்.

"நிறுத்துங்க சார்!" ரேடியோ கத்தினான். "அறுபத்தொண்ணு!"

அறுபத்தொன்றாம் பக்கத்தில் அருகருகே இரண்டு படம். இரண்டும் இதே போர்ட்டிகோ. இடது படத்தில் ஒயர் பவர் பாயிண்டிலிருந்து காரின் மூக்கு வரை நீளமாக விரிந்து கிடந்தது, ஒரு சுற்றுகூட மிச்சமில்லாமல். அதன் மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி: 'தவறு.' வலது படத்தில் அதே ஒயர், அழகாகச் சுருட்டி, ஜன்னலுக்குக் கீழே. பச்சை நிறத்தில்: 'சரி.' ஓரத்தில் தேதி, ஞாயிறு, நேரம் இரண்டு ஐந்து. கீழே எழுதியிருந்தது: 'கால் தடுக்கும் ஒயர், காலனின் தூதன்! இன்று என் வீட்டிலேயே திருத்தியது.'

ஆய்வாளர் படித்தார். மறுபடி படித்தார். "இதை அன்னைக்கு எத்தனை பேருக்குக் காட்டினீங்க?"

"அறுபது பேர்" என்றார் சேஃப்டி சார்.

"நீங்க வகுப்புல 'சரி'ன்னு இதைக் காட்டிட்டிருந்தப்ப, இது இங்க கொதிச்சுட்டிருந்தது" என்றார் மேடம். "அறுபது பேரும் வீட்டுக்குப் போய்ச் சுருட்டாம இருக்கணும். யாரும் கடைசி வரைக்கும் படிச்சிருக்க மாட்டாங்கங்கறது ஒண்ணுதான் ஆறுதல்."

"தரையில கிடந்தா யாராவது தடுக்கி விழுந்துடுவாங்களேன்னுதான்..."

"விரிச்சு வெச்சது நான்."

வாசலில் அந்தம்மா நின்றிருந்தார், தோளில் குழந்தையோடு. "எலக்ட்ரீஷியன் என்கிட்டத்தான் சொன்னார். சொன்னபடி நீளமா போட்டேன். கால் படாம சுவத்தோரமா. மூணு மணிக்கு வந்து பார்த்தா சுருட்டியிருக்கு. தொட்டுப் பார்த்தேன், சுட்டது. உங்க ரூம் கதவைத் தட்டினேன். வகுப்பு நடக்குது, தொந்தரவு பண்ணாதேன்னீங்க. பிடுங்கிடட்டுமான்னு கேட்டேன். உனக்கு என்ன தெரியும், நான்தானே பதினஞ்சு வருஷமா இதைச் சொல்லிக் கொடுக்கறேன்னீங்க. சரி, உங்களுக்குத்தான் தெரியும்னு நானும் போய்ட்டேன். அதை நினைச்சா என்னாலயே என்னை மன்னிக்க முடியல."



ஆய்வாளர் எழுதியதைக் குறுக்கே அடித்தார். "லைசென்ஸுக்கு ஒண்ணும் ஆகாது" என்று மாமாவிடம் சொன்னார். "ஆனா எக்ஸ்டென்ஷனை நீங்க கொடுத்திருக்கவே கூடாது. அதுக்கு எச்சரிக்கை எழுதறேன்."

"எழுதுங்க சார். எனக்கு அது வேணும்." மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாயிண்ட் போடாம கார் சார்ஜ் ஆகாதுன்னு அன்னைக்கே கறாரா சொல்லியிருக்கணும். முகதாட்சண்யம் பார்த்தேன்." பிறகு ரேடியோவின் தோளில் கை வைத்தார். முதல் தடவை. "வா மாப்ள. அக்கா காத்திருப்பா."

ரேடியோவுக்குக் கண் கலங்கிவிட்டது. "புகை மாமா" என்றான்.

அந்தம்மா குழந்தையை மேடத்திடம் கொடுத்துவிட்டுத் தொட்டிக்குள் கை விட்டு அந்தக் கரிந்த மொத்தையை எடுத்தார். நேராக டூல்ஸ் ரூமுக்கு நடந்தார். வாணலியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஏழாம் ஆணியில், சிவப்பு வட்டத்துக்குள், உருகிய ரீலை மாட்டினார். கன கச்சிதமாகப் பொருந்தியது.

"எவ்வளவு நாளானாலும் இதை இங்கருந்து எடுக்கக் கூடாது" என்றார். "பழைய சீட்டைக் கிழிச்சுட்டுப் புதுசா ஒண்ணு அடிச்சு ஒட்டுங்க."

பின்னாலேயே வந்த சேஃப்டி சார் பழக்க தோஷத்தில் சீட்டு அடிக்கும் எந்திரத்தைக் கையில் எடுத்தே விட்டார். "என்னன்னு அடிக்கறது?"

"நம்ம பொண்ணு பேரை அடிங்க."

போர்ட்டிகோவில் குழந்தை இருமியது. வீட்டில் இருந்த அத்தனைக்கும் சீட்டு ஒட்டியவர், எந்திரத்தின் மேல் விரலை வைத்தபடியே நின்றார். முதல் எழுத்தை அழுத்த அவருக்குக் கை வரவில்லை.